ராணுவ முகாமில் பழகிய நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். தூசி படிந்த பூட்ஸ், அதன் மேல் தலைவைத்துத் தூங்கும் ஒரு குட்டி. அடுத்த வாரம் குட்டிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மூன்றாம் மாதம் போனில் குரல் மாறும்: “இங்க டூட்டி முடியப்போகுது. இவன விட்டுட்டு வர மனசு வரல. ஏதாவது வழி இருக்கா?”

அந்தப் போனை எடுத்தவருக்காக இதை எழுதுகிறேன். அது அம்மாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், கல்லூரித் தோழராகவும் இருக்கலாம். அமெரிக்க ராணுவத்தில் தமிழர்கள் இருப்பது புதிதல்ல. குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காகச் சேர்த்துக்கொண்ட, 2009-ல் ஆள் சேர்க்கத் தொடங்கிய மாவ்னி திட்டத்தில் ராணுவம் கேட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. முகாமில் இருப்பவருக்கு நேரமும் இல்லை, நல்ல இணைய இணைப்பும் இல்லை. அதனால் பாதிக்கு மேற்பட்ட வேலை வீட்டில் இருப்பவர் தலையில்தான் விழும். ஈராக், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் வழியைத்தான் விரிவாகச் சொல்கிறேன். பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

பலரும் விமான டிக்கெட்டைத்தான் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது காலண்டரை வைத்துக்கொண்டு செய்யும் வேலை. பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும், பரிசோதனைக்கும் பயணத்துக்கும் நடுவே காத்திருக்க வேண்டிய நாட்களை யார் காலில் விழுந்தாலும் குறைக்க முடியாது.

முதல் கேள்வி: கடித்ததா?

நாயின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். கடித்ததா, கீறியதா, காயம் பட்ட இடத்தை நக்கியதா? ஆம் என்றால் அவர் அன்றைக்கே முகாமின் மருத்துவப் பிரிவுக்குப் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விதியை மீறி நாய் வளர்த்தது தெரிந்துவிடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. ஆப்கானிஸ்தானில் நாய் கடித்த 24 வயது அமெரிக்கச் சிப்பாய் ஒருவர், ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து, 2011 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் ரேபிஸால் இறந்தார். அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோய்க்கு மருந்து கிடையாது. திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளட்டும்.

ராணுவ விதி என்ன சொல்கிறது?

மத்திய கிழக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய அமெரிக்கப் படையினருக்கு ‘ஜெனரல் ஆர்டர் 1’ என்றொரு உத்தரவு. மது கூடாது என்பதோடு, விலங்குகளைச் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ளவோ, பராமரிக்கவோ, உணவு போடவோ கூடாது என்றும் அதில் இருக்கிறது. சோறு போடுவதே குற்றம். இந்த விதியை எல்லோரும் மீறுகிறார்கள் என்பதும், பல கமாண்டர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறார்கள் என்பதும் ஊரறிந்த ரகசியம். ஆனால் கமாண்டர் மாறினால் காற்றும் மாறும். ஒரு நாள் காலையில் ‘முகாமில் இருக்கும் நாய்களை அப்புறப்படுத்துங்கள்’ என்று உத்தரவு வந்துவிடும். அப்புறப்படுத்துவது என்றால் பெரும்பாலும் கொல்வதுதான்.

நப்ஸ் என்ற நாயின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஈராக்கின் அன்பார் பகுதியில் மரீன் மேஜர் பிரையன் டென்னிஸ் பழகிய நாய் அது. காதுகளை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள், பெயரும் அதனால் வந்ததுதான் (ஆங்கிலத்தில் ‘நப்’ என்றால் மிஞ்சிய குட்டை முனை). அவருடைய படைப்பிரிவு இடம் மாறியபோது வண்டியில் நாயை ஏற்ற முடியவில்லை. கடுங்குளிரில் ஏறத்தாழ 70 மைல் தூரத்தைக் கடந்து அது புது முகாமுக்கே வந்து நின்றது. வந்ததும் மேலிடத்திலிருந்து உத்தரவு: நான்கு நாளில் நாயை அனுப்பிவிட வேண்டும். ஜோர்டான் வழியாக அது அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 2008-ல். இன்றைய விதிகளின்படி நான்கு நாளில் எந்த நாயையும் அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. நான்கு நாளில் முடியக்கூடியது ஒன்றே ஒன்று: நாயை முகாமுக்கு வெளியே ஒரு பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது. அந்த இடத்தை உத்தரவு வருவதற்கு முன்பே பிடித்து வைத்திருக்க வேண்டும்.

ஜெர்மனி மாதிரி நாடுகளில் குடும்பத்தோடு பணியில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே முறைப்படி நாய் வளர்க்கலாம். இடமாற்றத்தின்போது நாய் அல்லது பூனை ஒன்றை அழைத்துவரும் செலவில் 2,000 டாலர் வரை ராணுவமே திருப்பித் தரும் ஏற்பாடு 2024 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வெடிகுண்டை மோப்பம் பிடிக்கும் ராணுவ நாய் என்றால் அது முற்றிலும் வேறு பாதை. 2000-ல் வந்த ராபி சட்டத்துக்குப் பிறகுதான் அவற்றைப் பணி ஓய்வுக்குப் பின் தத்தெடுக்க வழி பிறந்தது. இப்போது அந்த நாயோடு வேலை பார்த்தவருக்கே முன்னுரிமை. அதற்குப் பேச வேண்டிய இடம் டெக்சஸின் லேக்லாந்து தளத்தில் இருக்கும் 341-ஆவது பயிற்சிப் பிரிவு. இந்தக் கட்டுரை தெருவிலிருந்து வந்த நாய்களைப் பற்றியது.

உதவும் அமைப்பைத் தேடுங்கள்

தனியாக இதைச் செய்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். முகாம் வாசலிலிருந்து நாயை எடுத்துப்போய், ஊசி போட்டு, மாதக்கணக்கில் வைத்திருந்து, விமானம் ஏற்றிவிட உள்ளூரில் ஆள் வேண்டும். எஸ்பிசிஏ இன்டர்நேஷனல் அமைப்பு ‘ஆபரேஷன் பாக்தாத் பப்ஸ்’ என்ற பெயரில் ஈராக்கிலிருந்து இதைச் செய்யத் தொடங்கியது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பாஸ் ஆஃப் வார் இருக்கிறது. பப்பி ரெஸ்க்யூ மிஷன் ஆப்கானிஸ்தான் காலத்தில் தொடங்கியது. பிரிட்டிஷ் மரீனாக இருந்த பென் ஃபார்திங், ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் தான் பணியாற்றிய நவ்சாத் ஊரின் பெயரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே அவர் காப்பாற்றிய நாயின் பெயரும் நவ்சாத்தான்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அமைப்புகளுக்கு எழுதுங்கள். ஒன்று ஒத்துக்கொண்டதும் மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள், அதுதான் மரியாதை. கடிதத்தில் கதை சுருக்கமாக இருக்கட்டும். அவர்களுக்குத் தேவை விவரங்கள்: எந்த நாடு, நாயின் வயது, எடை, ஆணா பெண்ணா, ஊசி ஏதாவது போட்டதா, சிப்பாய் என்றைக்குக் கிளம்புகிறார், அமெரிக்காவில் யார் வீட்டுக்குப் போகும். எடையை யாரும் சரியாகச் சொல்வதில்லை. கூண்டின் அளவும் விமானக் கட்டணமும் அதை வைத்துத்தான். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, பிறகு நாயை இறக்கிவிட்டு மறுபடி ஏறி, கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செலவு பல ஆயிரம் டாலரைத் தொடும். பெரும்பாலும் நன்கொடை திரட்டித்தான் சமாளிக்கிறார்கள். இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நன்கொடைப் பக்கத்தில் முகாமின் பெயர், படைப்பிரிவு, கிளம்பும் தேதி எதையும் போடாதீர்கள். பின்னணியில் முகாமின் சுவரும் கோபுரமும் தெரியும் படங்களையும் தவிர்த்துவிடுங்கள். நாயின் முகம் போதும், பணம் வரும். இரண்டு, “நான் சிரியாவில் இருக்கும் ராணுவ வீரன், என் நாயை அனுப்ப அவசரமாகப் பணம் வேண்டும்” என்று முன்பின் தெரியாதவர் எழுதினால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளையும் சோதித்துப் பாருங்கள். அமெரிக்க வருமானவரித் துறையின் தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைப் பெயர் போட்டுத் தேடலாம். கிஃப்ட் கார்டாகக் கேட்பவர் எந்த நாயையும் அனுப்பப்போவதில்லை.

காலண்டரை எடுங்கள்

விதி ஏன் இவ்வளவு கடுமை என்று தெரிந்தால் எரிச்சல் குறையும். 2008 ஜூனில் ஈராக்கிலிருந்து 24 நாய்களும் 2 பூனைகளும் நியூஜெர்சியின் நியூவார்க் விமான நிலையத்தில் வந்து இறங்கின. அமெரிக்கப் படையினரின் பிராணிகளைக் கொண்டுவந்த அதே மாதிரி மீட்பு முயற்சிதான். இறங்கிய சில நாட்களில் ஒரு நாய்க்கு ரேபிஸ் என்று உறுதியானது. அதற்குள் மற்ற நாய்கள் பல மாநிலங்களுக்குப் போய்விட்டன. ஒவ்வொன்றையும் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. 2021-ல் அஜர்பைஜானிலிருந்து வந்த ஒரு நாய்க்கும் அப்படியே. அந்த ஆண்டு ஜூலையில் நாய் ரேபிஸ் அதிகமுள்ள நாடுகளிலிருந்து நாய்கள் வருவதையே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி நிறுத்தி வைத்தது. பிறகு 2024 ஆகஸ்ட் 1 முதல் இப்போதைய விதிகள் வந்தன. ஈராக், சிரியா, ஆப்கானிஸ்தான் எல்லாம் அந்த ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும்கூடத்தான். சென்னையிலிருந்து டாலஸுக்கு நாயோடு குடிபோகும் மென்பொருள்காரரும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியே ஊசி போட்ட நாய்க்கு வரிசை இப்படி.

முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் உள்ள சின்னச் சிப். அதன் பிறகுதான் ரேபிஸ் ஊசி. இந்த வரிசை மாறினால் ஊசி செல்லாது. முதல் நாளே நல்ல மனசோடு யாராவது ஊசி போட்டுவிட்டு, சிப்பை ஒரு மாதம் கழித்துப் போட்டால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். சிப் சர்வதேசத் தரத்தில், 15 இலக்கம் உள்ளதாக இருக்கட்டும். ஊசி போடும்போது குட்டிக்கு 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும்.

முதல் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதில் ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பார்ப்பார்கள், டைட்டர் டெஸ்ட் என்று பெயர். மில்லிலிட்டருக்கு 0.5 ஐயு (சர்வதேச அலகு) இருந்தால் தேர்ச்சி. சிடிசி அங்கீகரித்த லேபாக இருக்க வேண்டும். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரேபிஸ் லேப் இதில் பேர்போனது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து குறைந்தது 28 நாள் கழித்துத்தான் நாய் அமெரிக்க மண்ணை மிதிக்கலாம். வரும்போது வயது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி 10 அன்று சிப், கையோடு ஊசி. பிப்ரவரி 9-க்கு முன் ரத்தம் எடுக்க முடியாது. அன்றைக்கே எடுத்தாலும் மார்ச் 9-க்கு முன் உள்ளே வர முடியாது. இது எல்லாம் கச்சிதமாக நடந்தால். நடக்காது. குளிர்பெட்டியில் போக வேண்டிய ரத்த மாதிரி எங்காவது சுங்கத்தில் நிற்கும், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி லீவில் இருப்பார், விமானம் ரத்தாகும். நான்கைந்து மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிப்பாய் கிளம்ப இன்னும் ஆறு மாதம் இருக்கிறதென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். ஆறு வாரம்தான் இருக்கிறதென்றால் அவர் முன்னால் வருவார், நாய் பின்னால் வரும். இதை அவரிடம் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

டைட்டர் இல்லாமலும் வரலாம். அப்படி வந்தால் சிடிசியில் பதிவுபெற்ற பராமரிப்பு நிலையத்தில் 28 நாள் குவாரண்டைன், உங்கள் செலவில். ரத்தப் பரிசோதனையே மலிவு.

காகிதங்கள்

சிடிசியின் நாய் இறக்குமதிப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. நாயின் படம் கேட்கும். தொப்பி போட்ட படம், சிப்பாயின் மடியில் பாதி மறைந்த படம் எல்லாம் உதவாது, முகமும் உடலும் தெளிவாகத் தெரிய வேண்டும். அடுத்தது, வெளிநாட்டில் போட்ட ஊசிக்கும் சிப்புக்குமான சான்றிதழ். இதில் ஊசி போட்ட மருத்துவர் கையெழுத்து மட்டும் போதாது, அந்த நாட்டு அரசுக் கால்நடை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அமைப்பின் உள்ளூர் ஆட்கள் இல்லாமல் இது நடக்காது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எல்லாக் காகிதத்திலும் சிப் எண்ணை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். 15 இலக்கத்தில் ஒன்று இடம் மாறினாலும் காகிதத்தில் இருப்பது வேறு நாய் ஆகிவிடும். நிறம், வயது, பெயர்கூட எங்கும் ஒன்றுபோல இருக்கட்டும். ஒன்றில் ‘பழுப்பு’, இன்னொன்றில் ‘மணல் நிறம்’ என்று எழுதிக் கவுன்டரில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

எந்த விமான நிலையத்திலும் இறங்கிவிட முடியாது. இத்தகைய நாய்கள், சிடிசியில் பதிவுபெற்ற பராமரிப்பு நிலையம் உள்ள விமான நிலையத்துக்குத்தான் வர வேண்டும். நியூயார்க் ஜேஎஃப்கே, வாஷிங்டன் டல்லஸ், அட்லாண்டா, மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் போன்றவை. அந்த நிலையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். இறங்கியதும் அங்கே பரிசோதித்து, மறுபடி ஒரு ரேபிஸ் ஊசி போடுவார்கள். பட்டியல் மாறக்கூடியது. டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு சிடிசி தளத்தைத் திறந்து பாருங்கள், போன வருடம் கொண்டுவந்தவர் சொல்வதை நம்பாதீர்கள்.

கூண்டும் வெயிலும்

கூண்டு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அளவுப்படி இருக்க வேண்டும்: நாய் தலை இடிக்காமல் நிற்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே கூண்டை நாய் இருக்கும் இடத்தில் கதவைத் திறந்து போட்டுவைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டை அதற்குள் வைத்தால் தானே பழகிவிடும். பிறந்ததிலிருந்து கூரையே பார்க்காத நாயை ஒரே நாளில் பெட்டிக்குள் தள்ளினால் பல்லை உடைத்துக்கொண்டு வரும். மயக்க மருந்து வேண்டாம், விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், உயரத்தில் மூச்சுக்கும் ஆபத்து. சிப்பாய் போட்டுக் கழற்றிய, துவைக்காத டி-ஷர்ட் ஒன்றை உள்ளே போடுங்கள்.

வளைகுடா வழியாக வருவதென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கஷ்டம். 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் பல. இரவு விமானத்தைப் பாருங்கள். கோமாரி நோய் உள்ள நாடுகளிலிருந்து வருவதால் கூண்டில் வைக்கோலோ புல்லோ இருக்கக்கூடாது, ரோமத்திலும் பாதத்திலும் சேறு இருக்கக்கூடாது. அமெரிக்க வேளாண் துறையின் விதி இது.

விமான நிலையத்தில்

வீடியோக்களில் பார்ப்பதுபோல் நாய் பாய்ந்து வந்து கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நாய் அப்படிச் செய்யும். பல நாய் கூண்டின் மூலையில் ஒண்டிக்கொண்டு, மூத்திரத்தில் நனைந்து, கண்ணை மட்டும் உருட்டும். சிப்பாய் கீழே உட்கார்ந்து, முகாமில் கூப்பிட்ட மாதிரியே மெல்லக் கூப்பிடட்டும். மூக்கு முதலில் அசையும். வால் அப்புறம்தான்.

கார் நிறுத்துமிடத்தில் கூண்டைத் திறக்கவே திறக்காதீர்கள். காருக்குள், எல்லாக் கதவையும் கண்ணாடியையும் மூடிய பிறகு, கூண்டுக் கதவை ஒரு கை நுழையும் அளவு மட்டும் திறந்து, கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி, கயிற்றின் மறுமுனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்ட பிறகு முழுசாகத் திறங்கள். இவ்வளவு தூரம் வந்த நாய் வெளிநாட்டு நெடுஞ்சாலையில் தெறித்து ஓடுவதைப் பார்க்க யாருக்கும் தெம்பு இருக்காது.

பூனை, கழுதை, பிரிட்டன்

பூனைக்கு இவ்வளவு பாடு இல்லை. அமெரிக்காவுக்குள் வர சிடிசி ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பதில்லை. ஆனாலும் போகும் மாநிலம் கேட்கலாம், விமான நிறுவனம் கேட்கலாம், போட்டுவிடுங்கள். ஹவாய் தனி ராஜ்ஜியம், அதன் விதியைத் தனியாகப் பாருங்கள்.

கழுதையையும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஈராக்கின் அல் தகாடம் முகாமில் மரீன்களோடு இருந்த ஸ்மோக் என்ற கழுதையை, கர்னல் ஜான் ஃபோல்சம் ஊர் திரும்பிய பின் தேடிக் கண்டுபிடித்து, துருக்கி வழியாக 2011-ல் நெப்ராஸ்காவுக்கு அழைத்துவந்தார். துருக்கி எல்லையில் பட்ட பாட்டைக் கேட்டால் நாய் வேலை சுலபம் என்று தோன்றிவிடும்.

செல்லப்பிராணிகளுக்காக பிரிட்டன் வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து போகும் நாய்க்கு சிப், ஊசி, 30 நாள் கழித்து ரத்தம் என்பது வரை இதே வரிசை. ஆனால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கிளம்பும் முன் நாடாப்புழு மருந்தும் கொடுக்க வேண்டும், நாடு போய்ச் சேருவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு. 2012-க்கு முன்னால் ஆறு மாதக் குவாரண்டைன் இருந்தது, இப்போது அது போய்விட்டது. ஆஸ்திரேலியா ஈராக், சிரியா, ஆப்கானிஸ்தானிலிருந்து நாயை நேரடியாக உள்ளே விடாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது ஃபார்திங் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாய், பூனைகளோடு தனி விமானத்தில் பிரிட்டன் வந்து சேர்ந்தார். அவருடைய ஆப்கன் ஊழியர்கள் அந்த விமானத்தில் இல்லை, பிறகுதான் பாகிஸ்தான் வழியாக வெளியேறினார்கள். மனிதருக்கு முன் நாயா என்று அப்போது எழுந்த சண்டையில் நான் எந்தப் பக்கமும் பேசப்போவதில்லை. ஆனால் உங்கள் நாய்க்காக செக்பாயின்ட் தாண்டி வண்டி ஓட்டுபவர் அந்த ஊரிலேயே இருக்கப்போகிறவர். அவர் “இன்னைக்கு ரோடு சரியில்ல” என்றால் விமானத்தைத் தள்ளிப்போடுங்கள். அவர் படத்தையும் பெயரையும் நன்றி சொல்கிறேன் என்று இணையத்தில் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய் எங்கிருந்து வந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். லீஷ்மேனியா என்ற மணல் ஈ பரப்பும் நோய் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சகஜம், ஓஹாயோவில் இருக்கும் மருத்துவருக்கு அது சட்டென்று நினைவுக்கு வராது. இதயப்புழு, உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையும் கேளுங்கள்.

மாடிப்படி, கண்ணாடிக் கதவு, வாக்வம் கிளீனர், எல்லாமே அதற்குப் புதிது. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வாணவேடிக்கையன்று நாய் குளியலறைத் தொட்டிக்குள் படுத்திருக்கும், சில நேரம் பக்கத்தில் சிப்பாயும். முதல் சில மாதம் வேலி போட்ட தோட்டத்திலும் கயிறு இல்லாமல் விடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் டார்கெட். ஆப்கானிஸ்தானின் பக்தியா மாகாணத்தில் 2010 பிப்ரவரியில், முகாமுக்குள் நுழைந்த தற்கொலைப்படை ஆளை மூன்று தெருநாய்கள் வாசலிலேயே மறித்தன. டார்கெட் அதில் ஒன்று. அதே ஆண்டு அரிசோனாவுக்கு அழைத்துவந்தார்கள், தொலைக்காட்சியில்கூட வந்தது. நவம்பரில் ஒரு நாள் வீட்டிலிருந்து வெளியே போய்விட்டது. கழுத்தில் பெயர்த்தகடு இல்லை, சிப்பும் இல்லை. நாய்க் காப்பகத்தில் வேறொரு நாய் என்று நினைத்துத் தவறுதலாகக் கருணைக்கொலை செய்துவிட்டார்கள். வீட்டுக்காரர் தேடிப் போனபோது காலம் கடந்துவிட்டது.

உங்கள் நாயிடம் சிப் இருக்கும், விதிப்படி போட்டாயிற்று. ஆனால் அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பெரும்பாலும் யார் பெயரிலும் இல்லை, அல்லது ஈராக்கின் எர்பிலில் இருக்கும் ஒரு கிளினிக்கின் பெயரில். வந்து இறங்கிய அன்று இரவே அமெரிக்கப் பதிவேட்டில் உங்கள் போன் எண்ணோடு சேர்த்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் அதே எண்ணைப் பொறித்த தகடு மாட்டுங்கள். ராணுவக் குடும்பம் சில வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும். ஒவ்வொரு முறையும், பால்காரருக்கும் வங்கிக்கும் முகவரி சொல்வதற்கு முன்னால், சிப் பதிவை மாற்றுங்கள்.